கன்னியம்மா உட்காரும் இடம்

கார்த்திகை 2, ஞாயிறு

என் எழுத்து கோணலாக இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதி ஆயுளுக்கு மேல் கொத்தனார் கரண்டி பிடித்த கை இது. செங்கல் வரிசை அரை விரல் விலகினாலும் கீழே நின்றே சொல்லிவிடுவேன். பேனா பிடித்தால் மட்டும் வரிசை நனைந்த மண்சுவர் மாதிரி ஒரு பக்கம் சாய்கிறது. 'ழ' போட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

ரெஜினா டீச்சர்தான் எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முதியோர் வகுப்புக்கு வரும் எல்லோரும் வீட்டில் நடப்பதை எழுதிக்கொண்டு வரவேண்டும். மற்றவர்கள் நாலு வரி எழுதுகிறார்கள். எனக்கு நாலு வரியில் அடங்கவில்லை. எழுத ஆரம்பித்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

எழுத்து தெரிந்த பிறகு ஊரே பேச ஆரம்பித்துவிட்டது. நேற்று பேருந்தில் 'படியில் நின்று பயணம் செய்யாதீர்' என்று எழுதியிருந்தது. அதைப் படியில் நின்றபடியே படித்து முடித்தேன். கண்டக்டர் திட்டினார். சந்தோஷமாக இருந்தது.

தேதியைக் காலண்டர் தாளைப் பார்த்து எழுதுகிறேன். அதற்கும் இப்போது யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

கார்த்திகை 4, செவ்வாய்

மழை. வீட்டில் யார் யார் என்று எழுதச் சொன்னார் டீச்சர். நான் முனிரத்தினம். வீட்டுக்காரி கன்னியம்மா. மகன் தணிகைவேல், கும்மிடிப்பூண்டியில் ஃபைபர் கதவு செய்யும் கம்பெனியில் வேலை. மருமகள் பூங்கோதை. பேத்தி மகிழினி, ஒன்பதாவது படிக்கிறாள்.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கு இந்தப் பக்கம். கன்னியம்மா பிறந்தது எதிர்க்கரையில், மணல்மேட்டுக் குப்பத்தில். அவள் அக்கா அஞ்சலை இப்போதும் அங்கேதான். அக்காவுக்கு முட்டி போய்விட்டது, வீட்டைவிட்டு வரமுடியாது. குப்பத்துக்குப் போகும் ரோடு பாதியில் முடிந்து மணலாகிவிடும். ஆட்டோ போகாது. தண்ணீர் வழிதான் வழி. வருடா வருடம் காணும் பொங்கலுக்கு வாடகைப் படகில் எல்லோரும் போவோம்.

போன வருடமும் போனோம். அப்போது கன்னியம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாடகைப் படகு உயரம். நாலு ஆள் தூக்கி ஏற்றினார்கள். ஒருவன் "ஏய், பாத்து, மூட்டை சாயுது" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாய்ப் பழக்கம். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். திரும்பி வந்ததிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதோடு சரி.

அதனால்தான் தணிகை சொந்தமாக ஒரு படகு செய்யலாம் என்கிறான். தாழ்வாக, சின்னதாக, நாமே துடுப்புப் போட்டுப் போகிற மாதிரி. வரும் காணும் பொங்கலுக்குள்.

கார்த்திகை 5, புதன்

தூக்கம் வரவில்லை. படகையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது.

கார்த்திகை 9, ஞாயிறு

தணிகை மூன்று படம் அச்செடுத்து வந்தான். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். என் படிப்பு அங்கே செல்லவில்லை. மகிழினி படித்துச் சொன்னாள்.

முதலாவது கயாக். மீன் மாதிரி ஒல்லி. மேலே மூடி, நடுவில் ஓட்டை. ஓட்டைக்குள் காலை நீட்டி உட்காரவேண்டும். ஆளுக்கு ஒன்று, இல்லை இரண்டு பேருக்கு ஒன்று. மகிழினிக்கு அதுதான் பிடித்திருக்கிறது. "தாத்தா, இது பறக்கும்" என்கிறாள். ஏரியில் எதற்குப் பறக்கவேண்டும்.

இரண்டாவது கனூ. திறந்த படகு, இரண்டு பக்கமும் மூக்கு. குறுக்கே பலகை போட்டு உட்காரலாம். தணிகை கட்சி.

மூன்றாவது தட்டைப் படகு. அடி சமதளம், நாலு மூலை. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. கலவை போடும் தொட்டி மாதிரியே இருக்கிறது. கவிழாது. கோதைக்கும் அதுதான் சரி என்று பட்டது. தணிகை சிரித்தான். "காத்தடிச்சா அது போற எடத்துக்குதான் நாம போவணும் நைனா. நம்ம எடத்துக்கு அது வராது" என்றான்.

எதைச் செய்தாலும் கோதை ஒன்றே ஒன்று சொன்னாள். "அத்தைய பத்திரமா நடுவுல வெச்சிக்கணும். அவ்ளோதான்."

எல்லோரும் தலையாட்டினோம். கன்னியம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றாள்.

அது ஒன்றும் இல்லை. கை கால் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றாலும் "இல்ல", சாப்பிட்டு முடித்தாயா என்றாலும் "இல்ல". மனதில் இருப்பது வேறு, வாயில் வருவது வேறாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அவளுடைய 'இல்ல'யை நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கார்த்திகை 11, செவ்வாய்

தட்டைப் படகுதான் சரி.

கார்த்திகை 12, புதன்

கனூ கொஞ்சம் அகலமாகச் செய்தால் என்ன?

கார்த்திகை 13, வியாழன்

காலையிலிருந்து ஏரிக்கரைக்கு மூன்று தடவை போய்வந்தேன். எந்தப் படகைப் பார்த்தாலும் நின்று அகலத்தைச் சாண் போட்டுப் பார்க்கிறேன். மீன்காரர் ஒருவர் "இன்னா மேஸ்திரி, ஏரில வூடு கட்டப் போறியா?" என்றார்.

கன்னியம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் "இல்ல" என்பாள். அப்புறம் எனக்கு மனசு ஓடாது.

கார்த்திகை 16, ஞாயிறு

டீச்சர் என் எழுத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது, நீங்கள் ஏன் இந்த வயதில் படிக்க வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்றார்.

வேறு ஒன்றும் இல்லை. மாத்திரைக்காக வந்தேன். காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் ஒரே நிறம். அட்டையில்தான் பேர் வேறு. தணிகையும் கோதையும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் படிக்கிற ஆள் இல்லை.

முன்பெல்லாம் ஆள் இருந்தது. கன்னியம்மா எட்டாவது வரை படித்தவள். காலண்டர், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, பேருந்துப் பலகை எல்லாம் அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். நான் எங்கே போனாலும் அவள் பின்னால் நின்று வழி சொல்வாள். அவளுக்குப் படிப்பும் போய்விட்டது. பேப்பரைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்தபடி பார்க்கிறாள்.

நான் இதைத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டில் பக்கம் வெளிச்சம் போதாது.

கார்த்திகை 18, செவ்வாய்

மழை விட்டது. தணிகை அட்டையில் மூன்று படகுக்கும் ஒரு முழ நீளத்தில் மாதிரி செய்து மெழுகு தடவித் தந்தான். துணி ஊறவைக்கும் டப்பில் விட்டோம். ஆளுக்குப் பதில் காய்கறி. எனக்கு ஒரு கத்திரிக்காய். கோதைக்குச் சின்ன வெங்காயம். கன்னியம்மாவுக்கு நல்ல குண்டு உருளைக்கிழங்கு. அவளுக்குச் சிரிப்பு வரட்டும் என்று டப்பைக் கட்டில் பக்கத்திலேயே வைத்தேன்.

கயாக் உருளைக்கிழங்கை வைத்ததுமே புரண்டது. தண்ணீரில் அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் சட்டென்று கையை விட்டு வெளியே எடுத்துவிட்டேன், வெறும் கிழங்குதான் என்றாலும். காலை மூடிக்கு அடியில் நீட்டிவிட்டால் வெளியே எடுக்கவும் முடியாது. மகிழினியே வேண்டாம் என்றுவிட்டாள்.

தட்டைப் படகைத் தணிகை விசிறியால் வீசினான். டப் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு வீசினாலும் வரவில்லை. என் கட்சி தோற்றது.

கனூ நின்றது. அகலம் கூட்டியதால் அசைந்தாலும் கவிழவில்லை. முன்னால் தணிகைக்கு ஒரு மிளகாய், பின்னால் எனக்குக் கத்திரிக்காய், நடுவில் உருளைக்கிழங்கு.

ஒரு வேடிக்கை நடந்தது. கன்னியம்மா இடது கையை நீட்டி உருளைக்கிழங்கை எடுத்தாள். கத்திரிக்காயைத் தள்ளிவிட்டு அதைப் படகின் பின்கோடியில் வைத்தாள். படகு மூக்கைத் தூக்கியது. நான் சிரித்துக்கொண்டே கிழங்கை எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தேன். அவள் மறுபடி எடுத்துப் பின்னால் வைத்தாள். குழந்தை மாதிரி விளையாடுகிறாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பொருளில் கை வைத்து விளையாடியது எனக்குச் சந்தோஷம்.

ராத்திரி அந்தக் கிழங்கையே பொரியல் செய்தார்கள்.

கார்த்திகை 23, ஞாயிறு

கனூ என்று முடிவாகிவிட்டது. பிளைவுட் பலகை வந்துவிட்டது. பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து, துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மேலே ஃபைபர் துணி ஒட்டிப் பசை பூசவேண்டுமாம். படகைத் தைப்பார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. தணிகை லீவு நாளில் செய்கிறான். பக்கப்பலகை இரண்டையும் இன்று அறுத்துவிட்டான். இரண்டு பக்கமும் மூக்கு வருகிற மாதிரி, அழகாக.

நடுவில் வைக்கப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிக் காலை வெட்டினேன். முதுகு சாய்க்க வசதி. இடுப்பில் கட்டப் பட்டையும் தைத்தாள் கோதை.

கார்த்திகை 28, வெள்ளி

இன்று நடந்ததை எழுத விருப்பமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கோதை வாசலில் கோலமாவால் படகைப் பெரிதாக வரைந்தாள், உண்மையான அளவில். அவள் கை கோலத்துக்குப் பேர்போனது. இரண்டு பக்கமும் வளைவு ஒன்றுபோலவே வந்தது. நானும் தணிகையும் கன்னியம்மாவை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வாசல்வரை நடத்தி, நடுவில் இருந்த நாற்காலியில் உட்காரவைத்தோம். தணிகை முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால். மகிழினி போட்டோ எடுத்தாள். கோதை இடுப்புப் பட்டையைக் கட்டினாள்.

"இல்ல" என்றாள் கன்னியம்மா. பட்டையைப் பிடித்து இழுத்தாள். "இல்ல. இல்ல. இல்ல." இடது காலால் கோலமாவை உதைத்தாள். ஒரு பக்கத்து வளைவு முழுதும் அழிந்தது. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். போன வருடம் படகில் மூடினது போலவே.

உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தோம். தணிகை வாசலில் நின்று கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "யம்மாவுக்கு வர இஷ்டம் இல்ல நைனா. நாமதான் நம்ம ஆசைக்கு ஆடிகினு கீறோம்" என்றான்.

நான் நாற்காலியை உள்ளே எடுத்துப் போனேன்.

கார்த்திகை 29, சனி

மழை. பலகைகளை ஓரமாகச் சாய்த்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான்.

கார்த்திகை 30, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். எழுதவில்லையா என்றார் டீச்சர். மழை என்றேன்.

மார்கழி 3, புதன்

உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது. நின்றால் நடக்கத் தோன்றுகிறது. தார்ப்பாயைத் தூக்கிப் பலகை நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். நனையவில்லை. திரும்ப மூடுகிறேன். மறுபடி போய்ப் பார்க்கிறேன்.

அஞ்சலை அக்கா போன் செய்தாள். கோதை போனைக் கன்னியம்மாவின் காதில் வைத்தாள். "பொங்கலுக்கு வருவியாடி?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. கன்னியம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை.

மார்கழி 6, சனி

கரண்ட் போய்விட்டது. கன்னியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பனை விசிறியை இடது கையில் கொடுத்தேன். அவள் வீசவில்லை. விசிறியைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முன்னாலிருந்து பின்னால் இழுத்தாள். கடைசியில் மணிக்கட்டை ஒரு திருப்பு. மறுபடி முன்னால், பின்னால், ஒரு திருப்பு. கண்ணை ஜன்னல் பக்கம் வைத்திருந்தாள். வியர்க்கிறதே, வீசிக்கொள் என்றேன். அவள் காதில் விழவில்லை. கையில் இன்னும் தெம்பு இருக்கிறது, அதைப் பார்க்க ஆறுதல்.

மார்கழி 7, ஞாயிறு

இதை வகுப்புக்குப் போகுமுன் எழுதுகிறேன்.

கோதை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கூடையில் ஒரு குண்டுக் கிழங்கு இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். "இன்னா மாமா?" என்றாள் கோதை.

அவள் விளையாடவில்லை. அவள் தன்னை எடுத்துப் பின்னால் வைத்தாள். இரண்டு தடவை வைத்தாள். இரண்டு தடவையும் நான் எடுத்து நடுவில் வைத்தேன்.

குப்பத்துப் பெண் அவள். கல்யாணத்துக்கு முன் அக்காவும் அவளுமாக ஏரியில் இறால் கூடை கொண்டுபோவார்கள். அக்கா முன்னால், இவள் பின்கோடியில். பின்னால் உட்காருகிறவள்தான் படகைத் திருப்புகிறவள். இதை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். நான் கொத்தனார், சரி சரி என்று கேட்டதோடு விட்டுவிட்டேன்.

வாசலுக்கு ஓடினேன். கோலம் மழையில் போய்விட்டது. சுவருக்கு அளவு போடுகிற மாதிரி நூல் கட்டி, நீலப்பொடி தட்டி, படகைத் திரும்ப நானே வரைந்தேன். கோதை வரைந்த அழகு இல்லை, அளவு சரி. நாற்காலியைப் பின்கோடியில் வைத்தேன். பட்டையை அவிழ்த்து எறிந்தேன். கன்னியம்மாவை நானும் கோதையும் பிடித்துக்கொண்டுவந்தோம். வாசல்படியில் அவள் நின்று நாற்காலி இருக்கும் இடத்தைப் பார்த்தாள். எங்கள் கையை அவளே இழுத்துக்கொண்டு போனாள்.

உட்கார்ந்தாள். நான் முன்னால் போய் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பின்னால் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. கோதை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தேன். பனை விசிறி கோட்டுக்கு வெளியே, முன்னாலிருந்து பின்னால், கடைசியில் ஒரு திருப்பு.

"இங்கதானா கன்னி?" என்றேன்.

"இல்ல" வரவில்லை. விசிறியை நிறுத்தவும் இல்லை.

இன்றைக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஓடவேண்டும்.

மார்கழி 8, திங்கள்

தணிகைக்குக் கோபம். பலகை அறுத்தாயிற்று, பின்பக்கம் மூக்கு, மூக்கில் எப்படி ஆள் உட்காருவது, படகு பின்னால் அமுங்கிப்போகும் என்றான். உருளைக்கிழங்கு கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, ரொம்ப நேரம் அவள் இடது கையைத் தன் கையில் வைத்திருந்தான்.

பிறகு எழுந்து, "நாம யம்மாவ சாமான் ஏத்துற எடத்துல வெச்சிட்டோம்" என்றான். ரம்பம் எடுத்துப்போய் இரண்டு பலகையின் பின்மூக்கையும் நேராக வெட்டிவிட்டான்.

இப்போது படகு முன்னால் மூக்கு, பின்னால் மட்டமான சுவர். எந்தப் படத்திலும் இல்லாத படகு. பின்பக்கம் அகலம் கூடியிருக்கிறது, அமுங்காது. எடையைச் சரிக்கட்ட, முன்னால் நானும் தணிகையும். நடுவில் கோதையும் மகிழினியும். சாமானும் நடுவில்தான்.

மார்கழி 14, ஞாயிறு

டீச்சர் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். எழுத்துப் பிழை நிறைய இருந்திருக்கும்.

கம்பியால் தைத்தாயிற்று. பனி இறங்குவதால் பசை காய மாட்டேன் என்கிறது. தணிகை நூறு வாட் பல்பு தொங்கவிட்டிருக்கிறான். தொட்டுப் பார்க்காதே என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். படகு முழுக்க என் விரல் ரேகை இருக்கிறது.

மார்கழி 20, சனி

காய்ந்துவிட்டது.

மார்கழி 21, ஞாயிறு

ஒரு கையால் துடுப்பு எப்படிப் போடுவது என்று ஒரு வாரமாகச் சண்டை. கடைசியில் தணிகை பின்சுவரில் இடது ஓரமாக ஒரு கயிற்று வளையம் பொருத்தினான். துடுப்பை அதில் நுழைத்துவிட்டால் நழுவாது. ஒரு கை போதும், தள்ளவும் திருப்பவும். கன்னியம்மா வளையத்தை இழுத்துப் பார்த்தாள். இன்னும் தாழ்வாக வேண்டும் என்று விரலால் காட்டினாள். தாழ்வாக்கினான். பிறகு விரல் காட்டவில்லை.

இன்று கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் பரவாயில்லை. நான் எழுதுவதை அவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் இத்தனை நாள் தொட்டிமேல் உட்கார்ந்தேன். அவளிடமிருந்து போனது என்னிடம் வந்த மாதிரி ஒரு கூச்சம். அவள் இடது கை விரலை என் வரியின்மேல் வைத்து, சாய்ந்திருக்கும் பக்கத்தைத் தட்டினாள். எழுத்து தெரியாமல் போனாலும் கோணல் தெரிகிறது.

மார்கழி 29, திங்கள்

வியாழக்கிழமை காணும் பொங்கல். எத்தனை மணிக்குப் படகைத் தண்ணீரில் விடுவது என்று கேட்டான் தணிகை. நான் காலண்டரை எடுத்து வந்து, ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் உரக்கப் படித்தேன். முன்பு இதெல்லாம் கன்னியம்மா படிப்பாள். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. காலை நல்ல நேரத்தில் விடலாம் என்றேன்.

"இல்ல" என்றாள் கன்னியம்மா. ஜன்னல் பக்கம் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து, மெல்ல இறக்கினாள். பதறாதே, உட்கார் என்கிறாள். உட்கார்ந்தேன். மறுபடி அதையே காட்டினாள். உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தை 2, புதன்

தூங்க முடியவில்லை. நாளைக்கு அவள் ஏறுவாளா?

தை 6, ஞாயிறு

வியாழக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

படகை மினிவேனில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனோம். கன்னியம்மா ஆட்டோவில். எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டான் தணிகை. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, சரியாக நான் படித்த நல்ல நேரத்தில் படகைக் கீழே தள்ளினோம்.

தண்ணீரைக் காணோம்.

கரையிலிருந்து ரொம்ப தூரத்துக்கு வெறும் சேறு. நண்டு ஓடிக்கொண்டிருந்தது. படகு வழுக்கிப்போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் ஏரித் தண்ணீரும் கடலோடு சேர்ந்து வற்றும், ஏறும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். காலண்டருக்குத் தெரியாது. என்னைப் பார்த்து "இன்னா மேஸ்திரி, அஸ்திவாரம் தோண்டறியா?" என்றார் அதே மீன்காரர்.

அப்போதுதான் கன்னியம்மா கையை இறக்கிக் காட்டியது எதற்கு என்று விளங்கியது. தண்ணீர் கீழே இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அவளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தணிகை முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பிப் போய்விடலாமா என்றாள் கோதை.

கன்னியம்மா கோதையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சேற்றில் கால் வைத்தாள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டாள். நாங்கள் இரண்டு பக்கமும் கை கொடுத்தோம், அவ்வளவுதான். படகு சேற்றில் பதிந்து, கட்டிய வீடு மாதிரி அசையாமல் இருந்தது. அவள் பின்சுவர்மேல் முதலில் உட்கார்ந்தாள். இடது காலை உள்ளே போட்டாள். வலது காலை இடது கையால் தானே தூக்கி உள்ளே வைத்தாள். நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து, துடுப்பை வளையத்தில் நுழைத்தாள். யாரும் தூக்கவில்லை. படகு மிதந்துகொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

பிறகு எங்களைப் பார்த்தாள். ஏறுங்கள் என்பது போல.

ஏறினோம். சேற்றில் நிற்கும் படகில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கோதை புளிசாதத்தைப் பிரித்துத் தந்தாள். கரையில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். மகிழினி காற்றில் துடுப்புப் போட்டுக் காட்டினாள். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்னியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம்தான் போகிறது. சிரிப்பு முழுதாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து அடியில் சளசளவென்று கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் படகு கனம் இழந்தது. ஒரு தடவை அசைந்தது. நான் இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

போன ஒரு வருடமாக நான் கன்னியம்மாவைப் பார்க்காமல் இருந்ததில்லை. மூச்சு விடுகிறாளா, விழுந்துவிடுவாளா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். படகில் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் பார்க்க முடியாது. திரும்பினால் படகு ஆடுகிறது. "நைனா, நேரா பாரு" என்று தணிகை திட்டினான். நேராகப் பார்த்தேன். தண்ணீர் மட்டும்தான். "கன்னி, சரியா போறமா?" என்று கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன். பின்னால் துடுப்புக்கட்டை பலகையில் ஒரு தட்டு தட்டியது. படகின் மூக்கு மெல்ல இடது பக்கம் திரும்பியது.

எனக்கு அந்த வழி தெரியாது. எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு, எதுவும் தெரியாது. பேருந்துப் பலகை தெரியாத காலத்தில் அவள் சொன்ன பேருந்தில் ஏறி உட்காருவேனே, அதுபோல உட்கார்ந்து துடுப்புப் போட்டேன். காற்று அடித்தது. பயமாக இருந்தது, இருந்தும் மனம் அலையவில்லை.

மணல்மேட்டுக் குப்பத்தில் அஞ்சலை அக்காவை நாற்காலியோடு கரையில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். படகு மணலில் ஏறி நின்றது. அக்கா தங்கையைப் பார்த்தாள், பின்கோடியைப் பார்த்தாள், நம்பாமல் எங்களைப் பார்த்தாள்.

"யாருடி உன்ன இட்டாந்தது?" என்றாள்.

"நாங்கதான் பெரிம்மா" என்று ஆரம்பித்தான் தணிகை.

"இல்ல" என்றாள் கன்னியம்மா.

எல்லோரும் திரும்பினோம். அவள் துடுப்பை விட்டுவிட்டு, இடது கையால் தன் மார்பில் இரண்டு தடவை தட்டினாள். பிறகு கையை நீட்டி எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராக அக்காவுக்குக் காட்டினாள், கூடையில் கொண்டுவந்ததைக் காட்டுவது போல.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் படகைக் கட்டும் வேலையைப் பார்த்தேன்.

திரும்பி வந்த கதை தனி. சாயங்காலக் காற்றில் மணல்திட்டு ஒன்றில் ஏறி மாட்டிக்கொண்டோம். குற்றம் என்னுடையதுதான். அதை இப்போது எழுத முடியாது. துடுப்புப் போட்டு இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். ஒரு கொப்புளம் சரியாகப் பேனா நிற்கும் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் மூன்று நாள் எழுதவில்லை, அதனால்தான் இன்று எழுத்து இவ்வளவு கோணல். கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாய்கிற இடத்தையெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கிறாள். கொப்புளம் உடைந்து தோல் கெட்டியானதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள், திட்டில் ஏறிய கதையை நேராக எழுதிக்கொண்டு வருகிறேன், டீச்சர்.